மரியாதை வந்த திங்கட்கிழமை

உலகத்துத் துப்பாக்கிகளை எல்லாம் உருக்கி ஜன்னல் கம்பியாக்கிய பிறகு, நாட்டின் பாதுகாப்பு ஒரு விசிலிடம் ஒப்படைக்கப்பட்டது. அது தொங்கிய கழுத்துக்குச் சொந்தக்காரரையும் எல்லோரும் விசில் என்றே அழைத்தார்கள். எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கச் சாவடி அவருடையது. இருபதடி தள்ளி, அந்தப் பக்கச் சாவடியில் மீசை.

சர்வதேச அமைதி நடந்த விதம் ரொம்ப எளிமை. திங்கள்தோறும் விசிலின் சாவடியை மீசை சோதிக்க வேண்டும். மீசையின் சாவடியை விசில். பிறகு பதிவேட்டில் 'ஆயுதம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து. முதல் மாதம் தலையணை உறையைக்கூடக் கழற்றிப் பார்த்தார்கள். மூன்று வருஷத்தில், டீயைக் குடித்துக்கொண்டே கையெழுத்தை மட்டும் போடுகிற அளவுக்கு அமைதி முற்றிவிட்டது.

அந்தத் திங்கள், விசிலின் சாவடி மேஜையில் மீசை குனிந்து கையெழுத்துப் போடும்போது விசிலுக்குக் குறும்பு தலைக்கேறியது. பூனை மாதிரிப் பின்னால் போய், இரண்டு விரலை அவர் முதுகில் அழுத்தினார்.

"அசையாத. கையத் தூக்கு."

'போடா லூசு' என்று மீசை திரும்புவார், இருவரும் வயிறு குலுங்கச் சிரிக்கலாம். அதுதான் திட்டம்.

மீசை கையைத் தூக்கிவிட்டார். பேனா உருண்டு கீழே விழுந்தது.

"மச்சான், வேணாம்டா. சின்னவளுக்கு ரெண்டு வயசுதான் ஆகுது."

அப்போதே விரலை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம், எப்படித்தான் இருக்கிறதென்று பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. அதைப் பிற்பாடு மனைவியிடம்கூட அவரால் சொல்ல முடியவில்லை.

"டேய், வெரலுடா! வெறும் வெரலு!"

மீசை சிரிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பீரோ சாவி குடுங்க."

"என்ன மச்சான், புதுசா 'ங்க' எல்லாம் போடற?"

"சாவி குடுங்க சார்."

பீரோ, மெத்தை, டிபன் டப்பா, ஷூ என்று ஒன்று விடாமல் பார்த்தார். விசில் சுவரோரமாகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். யாரும் தூக்கச் சொல்லவில்லை.

"ஒண்ணுமில்ல," என்று கையெழுத்துப் போட்ட மீசை, "இப்ப நீங்க வந்து எங்களதப் பாருங்க," என்றார்.

"சேச்சே, உன்னையப் போயி சந்தேகப்படுவேனா?"

சொல்லும்போதே உள்ளே ஒன்று குறுகுறுத்தது. என்கிட்ட இருக்குமென்று இவன் இத்தனை சுலபமாக நம்பினானே, அப்படியானால் இவனிடம்? காது மடல் சுட்டது. ஆனாலும் கால் கோட்டைத் தாண்டியது.

மீசையின் கட்டிலருகே மண்டி போட்டு, தலை நிமிராமல், அடியில் கையை விட்டுத் துழாவினார். மீசை டார்ச் அடித்துக் காட்டினார்.

"இன்னும் உள்ள தள்ளிப் பாருங்க, சார்."