வேதநாயகி வீட்டுக் கள்ளி நின்ற வருஷங்கள்

மராத்திச் சீமையில், கன்டோன்மென்ட்டை ஒட்டின போபோடியில், வேதநாயகியின் வீட்டுக் கூரையை 1994 ஆகஸ்டிலிருந்து 2008 ஜூலை வரை தாங்கி நின்றது ஒரு கள்ளிச்செடி. அதற்கு முன்னால் அந்த வேலையை ஒரு தேக்கு விட்டம் தனியாகச் செய்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் யார் செய்தார்கள் என்பதைப் பிறகு சொல்ல வேண்டும்.

மழை ஒன்பதாவது நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு பகல் மூன்று மணிக்கு, கரையான் தின்ற அந்த விட்டம் நடுவில் முறிந்தது. வேதநாயகி அப்போது கன்டோன்மென்ட் ஆபீசர் ஒருவரின் உடுப்புக்குக் கைமடிப்பு வைத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முறிந்த விட்டம் ஓடுகளோடு சேர்ந்து இறங்கி, அறை நடுவில் இருந்த கள்ளியின் தலையில் வந்து நின்றது. செடி அப்போது நெஞ்சு உயரம். மழையில் வேர் அழுகிப்போகும் என்று முந்தின வாரம்தான் அதை வாசலிலிருந்து உள்ளே இழுத்து வைத்திருந்தாள். மறுநாள் காலையில் பார்த்தால் கள்ளி ஒன்பது அடிக்கு வளர்ந்து, விட்டத்தைப் பழைய இடத்துக்கே தூக்கி வைத்திருந்தது. பதினாறு ஓடுகள் உடைந்திருந்தன. அவள் புருஷன் லூர்துசாமி அண்ணாந்து பார்த்தார். "ஒழுகுதா?" என்றார். "ஒழுகல" என்றாள். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். வேதநாயகிக்கு இருந்த கவலை வேறு. வாரத்துக்கு ஒரு தரம் சட்டியைக் கால் சுற்று திருப்பி வைப்பது அவள் வழக்கம். திருப்பாவிட்டால் கள்ளி வெளிச்சத்தின் பக்கமாகவே சாய்ந்து வளரும். இனிமேல் எப்படித் திருப்புவது?

அந்தச் செடி அவளிடம் வந்தது 1989இல். மாற்றலாகிப் போன ஒரு ஆபீசர் மனைவி, கடைசி மூட்டைத் துணியோடு சேர்த்து அதையும் கொடுத்துவிட்டுப் போனாள். முழங்கை நீளம், ஏழு மடிப்பு, மடிப்புக்கு மடிப்பு முள். இதை மறந்துவிட வேண்டும், மறந்தால்தான் வளரும் என்று இந்தியில் சொன்னாள். வேதநாயகி எதையும் மறக்கத் தெரியாதவள். அதனால் மறப்பதற்குக்கூட ஒரு முறை வைத்துக்கொண்டாள். மாதம் பிறந்து காலண்டர் தாளைக் கிழிக்கிற அன்றைக்கு ஒரு டம்ளர் தண்ணீர். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. தீபாவளியிலிருந்து ஹோலி வரைக்கும் ஒரு சொட்டு கிடையாது. மண்ணில் பாதி ஆற்று மணல், கொஞ்சம் செங்கல் பொடி. மடிப்புகளுக்கு நடுவில் தூசி படிந்தால் லூர்துசாமியின் பழைய ஷேவிங் பிரஷ்ஷால் துடைப்பாள். சட்டி மாற்றும்போது நியூஸ் பேப்பரைப் பட்டையாக மடித்து, கள்ளியின் இடுப்பில் சுற்றிப் பிடித்துத் தூக்குவாள். கையில் முள் ஏறியது அந்தப் பத்தொன்பது வருஷத்தில் மூன்றே தரம்தான்.

கூரை விஷயம் தெரிந்ததும் சந்தே ஒரு மாதம் வந்து பார்த்தது. பிறகு வரவில்லை. மகன் ஆண்டனிக்கு அப்போது பதினைந்து வயது. அவன் ஏறி, கள்ளியின் தலைக்குப் பக்கத்தில் நாலு ஓட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு வைத்தான். செடிக்கு மேலிருந்தே வெயில் கிடைத்ததால் திருப்ப வேண்டிய கவலை விட்டது. விட்டத்தை மாற்றிவிடலாம்தான். ஆனால் அது கன்டோன்மென்ட் நிலம், ஒரு ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். வேதநாயகி 1994 செப்டம்பரில் மனு கொடுத்தாள். மறு வருஷம் கோட்போலே என்று ஒரு இன்ஸ்பெக்டர் டேப்போடு வந்து, விட்டத்தை அளந்தார், கள்ளியையும் அளந்தார், ஃபாரத்தில் 'தாங்குவது' என்ற இடத்துக்கு எதிரே 'செடி' என்று மராத்தியில் எழுதிக்கொண்டார். "சாலேல், மாவ்ஷி" என்றார், பரவாயில்லை சித்தி, ஓடும் என்கிற அர்த்தத்தில். டீ குடித்தார். அதற்கப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் வந்து அதே மாதிரி அளந்து, அதே மாதிரி டீ குடித்துவிட்டுப் போனார்.

1996இல் லூர்துசாமி கட்டிலில் உட்கார்ந்தார். அன்று சாம்பல் புதன். கோயிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு வந்தவர், "அசதியா கீது" என்று சொல்லி உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். ரத்தம், எலும்பு, இதயம் எல்லாம் சரியாக இருந்தன. அசதி மட்டும் இருந்தது. தொழிற்சாலைக்காரர்கள் பென்ஷன் காகிதத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கையெழுத்து வாங்கினார்கள். குளிப்பாட்ட, முகம் வழிக்க, தட்டை எடுத்துக் கையில் கொடுக்க எல்லாம் வேதநாயகி. அவர் கெட்டவர் இல்லை. குடிக்கவில்லை, கத்தவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களிடம் ஜன்னல் வழியே குசலம் விசாரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

ஆக, அந்த வீட்டில் நின்றுகொண்டிருந்தவை இரண்டு. காலை எட்டு மணிக்கு இஸ்திரி மேஜை முன்னால் நின்றால் வேதநாயகிக்குச் சாயங்காலம் ஏழு வரை நிற்கிற வேலை. உட்கார்ந்து இஸ்திரி போட்டால் மடிப்பு கோணும். கால் நரம்புகள் நீலமாகப் புடைத்து, கள்ளியின் மடிப்புகளைப் போலவே வரிவரியாக ஏறின. துணி இல்லாத நேரத்தில் அவள் கள்ளியிடம் பேசுவாள். பதிலையும் அவளே சொல்லிக்கொள்வாள். "இன்னா, நின்னுகினு கீறியா?" "வேற இன்னா பண்றது, நீயும்தான் நிக்கிற." "கால் வலிக்கலியா ஒனக்கு?" "கால் எங்க கீது எனக்கு?" கட்டிலிலிருந்து லூர்துசாமி, "யார்கிட்ட பேசற?" என்பார். "நிக்கிறவங்ககிட்ட" என்பாள். பக்கத்து வீட்டு பாத்திமா இதைக் கேட்டுவிட்டு, "அக்கா, அது இன்னா சொல்லிச்சுன்னு எனக்கும் சொல்லுங்க" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்பாள். பத்து வருஷம் இப்படியே போயிற்று.

2006இல் ஆண்டனிக்கு நிக்டியிலிருந்து எஸ்தரைக் கட்டினார்கள். நல்ல பெண். மராத்திப் பள்ளியில் படித்தவள்; தமிழை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கையால் தடவிப் பார்த்துப் பேசுவாள். நிக்டியில் குழாயைத் திறந்தால் தண்ணீர். போபோடியில் காலை நாலரைக்கு வரும், ஐந்தேகாலுக்குப் போய்விடும். புதுத் தண்ணீர் வந்துவிட்டால் குடத்தில் இருக்கும் நேற்றைய தண்ணீர் பழசு. அதைக் கொட்டிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். அந்தச் சந்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். ஊறிப்போன வழக்கம், யாரும் யோசிப்பதில்லை. எஸ்தருக்கு நல்ல தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட மனசு வரவில்லை. பாதியில் பாத்திரம் கழுவினாள், மீதியில் ஒரு செம்பு எடுத்துக் கள்ளிக்கு ஊற்றினாள். நாள் தவறாமல், எல்லாரும் எழுந்திருப்பதற்கு முன்னால், இரண்டு வருஷம். கள்ளி எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. மடிப்புகள் விரிந்து, தளதளவென்று இருந்தது. வேதநாயகிக்கே ஒரு பெருமை. "இந்த வயசுல உடம்பு போடுது பாரு" என்று பாத்திமாவிடம் சொன்னாள்.

2008 ஜூலையில் விட்டம் கிறீச்சிட்டது. வேதநாயகி குனிந்து பார்த்தாள். கள்ளியின் அடி பழுப்பாக இருந்தது. முள் இல்லாத இடம் பார்த்துக் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரல் உள்ளே போயிற்று. புளித்த மாவு வாடை.

"யார் தண்ணி ஊத்தினது?"

எஸ்தர் அடுப்படியிலிருந்து வந்தாள். அப்போது ஐந்து மாதம் அவளுக்கு. "அத்தே, நான்தான். ரோஜ் ஒரே ஒரு தாம்பியா, ஒரு செம்புதான். பழைய தண்ணி வேஸ்ட் ஆவுதுன்னு. நீங்க அதுக்குக் குடுக்கவே இல்ல... எனக்கு பாவமா இருந்துச்சு."

வேதநாயகி திட்டத்தான் வாயெடுத்தாள். இந்த வீட்டில் நிற்கிற ஒன்றைப் பார்த்துப் பாவம் என்று யாராவது நினைத்தார்கள் என்பதே அவளுக்குப் புதுசாக இருந்தது. "அழுவாத. வயித்துப் புள்ளைக்கு ஆவாது. போய் ரம்பத்த எடுத்தா" என்றாள்.

வழி ஒன்றுதான். அழுகினதை வெட்டி எறிய வேண்டும். வெள்ளைச் சதை தெரிகிற வரை வெட்ட வேண்டும். வெட்டின வாயில் சாம்பல் தடவி, நிழலில் படுக்கவைத்து, வடுக்கட்டும் வரை, மூன்று வாரமோ நாலோ, சும்மா விட வேண்டும். அதுவரை கூரையை யார் பிடிப்பது? ஆண்டனி, சென்ட்ரிங் போடுகிறவர் ஒருவரிடமிருந்து இரும்பு ஜாக்கி கொண்டுவந்து முட்டுக் கொடுத்தான். "மா, டென்ஷன் நக்கோ, கவலப்படாத, மூணு மாடியே தாங்கும்" என்றான். கள்ளியை வெட்டிப் படுக்கவைத்தார்கள். மூன்றாம் நாள் ஜாக்கி முழங்கால் மாதிரி மடங்கியது. சென்ட்ரிங்காரர் வந்து பார்த்தார். பதினெட்டு வருஷத் தொழிலில் இப்படிப் பார்த்ததில்லை என்று சொல்லி, மடங்கின ஜாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். விட்டம் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. எஸ்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். கிறிஸ்துமஸுக்குக் குழந்தை, இந்த வீட்டை விட்டால் போக வேறு வீடு இல்லை. வேதநாயகி ஒரு பழைய புடவையைச் சுற்றிச் சும்மாடு கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, கள்ளி நின்ற இடத்தில் போய் நின்றாள். விட்டம் அவள் உயரத்துக்கு இறங்கி, சும்மாட்டின் மேல் உட்கார்ந்து, அங்கேயே நின்றது.

அவள் பதினோரு நாள் நின்றாள். இஸ்திரி மேஜையை இழுத்து அவள் முன்னால் போட்டார்கள். துணி வருவது நிற்கவில்லை, அவளும் நிறுத்தவில்லை. எஸ்தர் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். குளிக்கவும் கொள்ளவும் ஆண்டனி கால் மணி நேரம் மாற்றிப் பிடிப்பான். அவனுக்கு ஃபேக்டரி அவசரம், பொறுமை கிடையாது, அவன் நின்றால் ஓடுகள் கடகடக்கும். வேதநாயகி நின்றபடியே தூங்கினாள். அதில் அவளுக்கு ஏற்கெனவே பழக்கம் இருந்தது. வெட்டின கள்ளி நாலடி மட்டும் மிஞ்சி, மூலையில் நியூஸ் பேப்பர் மேல் படுத்துக் கிடந்தது. வந்ததிலிருந்து அது படுத்தது அதுதான் முதல் தரம். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாவது நாள் காலை, ஒரு சட்டைக் காலரின் மேல் இஸ்திரிப் பெட்டி நின்றுவிட்டது. துணி கருகுகிற வாடை வந்தது.

"என்னால முடியல" என்றாள்.

ஜன்னல் வழியே யாரிடமோ பேசிக்கொண்டிருந்த லூர்துசாமி திரும்பினார். "இன்னா சொன்ன?"

"முடியலன்னு சொன்னேன்."

முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதில்லை. அது அந்த வீட்டில் அவருடைய சொல்லாக இருந்தது. கொஞ்ச நேரம் இருமினார். "நெசமாவா?" என்றார். அவள் பெட்டியை எடுத்து ஓரமாக நிமிர்த்தி வைத்தாள். லூர்துசாமி கட்டிலுக்கு அடியில் காலால் துழாவினார். சாம்பல் புதன் அன்று கழற்றிவிட்ட செருப்பு, ஒட்டடைக்குள் அப்படியே இருந்தது. போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்தார். முட்டி இரண்டும் படீரென்று நெட்டி முறித்த சத்தத்தில் பாத்திமா, "யா அல்லா, கூரையா?" என்று ஓடிவந்தாள். "இல்ல பாத்திமா, நான்தான்" என்றார். மேஜையைச் சுற்றி வந்து, சும்மாட்டைத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டார். அவளைவிட அரையடி உயரம் அவர். கூரையும் அரையடி உயர்ந்தது. வேதநாயகி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு கால்களை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எஸ்தர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து, அவற்றைத் தூக்கி அதன் மேல் வைத்தாள்.

கள்ளிக்கு வடுக்கட்டியது. ஆகஸ்டு கடைசியில் காய்ந்த மணலில் நட்டார்கள்; பத்து நாள் ஒரு சொட்டு கொடுக்கவில்லை. வேர் விட்டது. வாசலோரம் மண் சட்டியில், நாலடியோடு நின்றுகொண்டது. மேலே வளர அவசரம் காட்டவில்லை. வீட்டுக்குள்ளே லூர்துசாமி நின்றார். ஜன்னலுக்கு எட்டாததால் தெருவில் போகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து விசாரித்தார்கள். "இன்னா லூர்து, நிக்கிறியா?" "நிக்கிறேம்பா." நின்றபடியே டீ குடித்தார், நின்றபடியே செபமாலை சொன்னார். அசதியைப் பற்றிக் கேட்டால், இப்போது அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை என்றார். சாயங்காலங்களில் வேதநாயகி வெந்நீர் வைத்து அவர் காலுக்கு ஊற்றினாள். டிசம்பரில் பேத்தி பிறந்தாள். தொட்டிலை விட்டத்தில் கட்டினார்கள்; தொட்டில் ஆடும்போது அவர் தலையும் லேசாக ஆடியது. 2009இல் கோட்போலே வந்து, செருப்போடு சேர்த்து அவரை அளந்து, 'செடி' என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு 'கணவர்' என்று எழுதிக்கொண்டு போனார்.

அந்த வருஷம் அக்டோபரில் ஒரு தபால் வந்தது. மராத்தியில் இருந்ததால் எஸ்தர் அதை வாசலில் நின்று, உள்ளே கேட்காதபடி படித்துச் சொன்னாள். 1994 மனுவுக்கு அனுமதி. விட்டத்தை மாற்றலாம். இரும்பு விட்டமே போட்டுக்கொள்ளலாம்.

"எப்பக்குள்ள மாத்தணுமாம்?" என்று வேதநாயகி கேட்டாள்.

"ஒரு வருஷம் டைம் குடுத்திருக்காங்க, அத்தே."

"ஒரு வருஷமா?" வேதநாயகி உள்ளே எட்டிப் பார்த்தாள். லூர்துசாமி கூரையோடு நின்றுகொண்டு, தொட்டிலில் இருந்த குழந்தைக்கு நாக்கைச் சுழற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். "அவசரம் ஒண்ணும் இல்ல. அடுத்த மழைக்கு முன்னால பாத்துக்கலாம்."

எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னா லெட்டரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ரேஷன் கார்டு" என்றாள் வேதநாயகி. காகிதத்தை நாலாக மடித்துக் கள்ளிச் சட்டிக்கு அடியில் செருகினாள். அன்றைக்குத் திருப்பி வைக்கிற நாள். சட்டியைக் கால் சுற்று திருப்பி வைத்தாள். பிறகு உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்து, கால்களைத் தானே தூக்கி ஸ்டூலின் மேல் வைத்துக்கொண்டாள்.