தொண்ணூற்றொன்பதாம் நாள் துண்டு

தென்காசியில் பால்வண்ணநாதன் வீட்டுச் சர்வர், அதாவது குடும்பப் படங்களைச் சேர்த்துவைத்து இரவும் பகலும் ஓடும் கம்ப்யூட்டர், அவர் மனைவி இசக்கிச்செல்வியின் பட்டுச்சேலை அலமாரியில் குடியிருந்தது. நூறு நாள் நிற்காமல் ஓடினால் அலமாரி சர்வருக்கு. ஒருதரம் நின்றாலும் சேலைக்கு. இதுதான் தம்பதியின் ஒப்பந்தம்.

நிற்க வழியே இல்லாமல் செய்திருந்தார் அவர். கரண்டு போனால் இன்வெர்ட்டர். ஒரு டிஸ்க் கெட்டால் அதே படங்கள் இன்னொன்றில். ஒரு இன்டர்நெட் அறுந்தால் மற்றொன்று. சர்வரின் விசிறி முன்பக்கம் குளிர்ந்த காற்றை இழுத்து, உள்ளிருக்கும் சூட்டை ஏற்றிக்கொண்டு, பின்பக்கம் வெளியே தள்ளும். சூடு எல்லை மீறினால் சர்வர் அவருடைய போனுக்குச் செய்தி அனுப்பும். அதற்கும் மேலே போனால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும். இதைக் கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். அதிலிருந்த பதினோராயிரம் குடும்பப் படங்களை இதுவரை திறந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

தொண்ணூற்றெட்டாம் நாள், சென்னையிலிருந்து மைத்துனன் நல்லதம்பி குற்றாலம் சீசனுக்கு மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வந்திறங்கினான். சாரல் விடவில்லை. கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாத காலம்.

"அத்தான், இந்த மிஷின் பின்னால சூடா காத்து வருதே!"

"வராம என்ன செய்யும் மாப்ளே?" என்று தொடங்கியவர் அரைமணி நேரம் விளக்கினார். நல்லதம்பி இவ்வளவு கவனமாகக் கேட்டு அவர் பார்த்ததே இல்லை.

மறுநாள் எல்லோரும் ஐந்தருவியில் குளித்தார்கள். பால்வண்ணநாதனின் போன் காருக்குள் கிடந்தது. தலை துவட்டிக்கொண்டே வந்து எடுத்துப் பார்த்தார். ஏழு செய்திகள், ஒவ்வொன்றிலும் சூடு ஏறியிருந்தது. எட்டாவது: "அணைகிறேன்."

ஈர வேட்டியோடு எல்லோரையும் காரில் ஏற்றி வீட்டுக்கு விரட்டி வந்து அலமாரியைத் திறந்தார். சர்வரின் பின்னால் முந்தின நாள் நனைந்த பனியன்களும் ஜட்டிகளும். முன்னால், காற்று நுழையும் வாயை முழுசாக மூடிக்கொண்டு ஒரு தேங்காய்ப்பூத் துண்டு.

"பின்னால இடம் பத்தல அத்தான். அதான் துண்ட மட்டும் முன்னால போட்டேன்."

"ஏலே, நான் சொன்னதுல எதைத்தாம்லே கேட்ட?"

"சூடா வரும்னு சொன்னிய. அதக் கேட்டேன்."

மனைவியின் முகத்தைப் பார்க்காமல் அவர் வயர்களைக் கழற்ற ஆரம்பித்தார். இசக்கிச்செல்வி ஒரு பனியனை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மொறுமொறுன்னு காஞ்சிருக்கு. ஏங்க, அத எதுக்குக் கழட்டுதீய?"

"ஒப்பந்தம்..."

"சேல டிரங்குப் பெட்டியில கெடக்கட்டும். பின்னால ரெண்டு கொடி கட்டுங்க. முன்பக்கம் ஒரு துணி விழாம நான் பாத்துக்கிடுதேன். இன்னும் கொஞ்சம் சூடு கூட்ட முடியுமா?"

"வேலை குடுத்தா கூடும்."

"அப்ப குடுங்க."

வயர்களை மறுபடி மாட்டி, பதினோராயிரம் படங்களையும் ஒவ்வொன்றாகச் சுருக்கும்படி சர்வருக்குக் கட்டளையிட்டார். விசிறி உறுமியது, கொடியில் துணிகள் ஆடின. கணக்கு மறுபடி ஒன்றாம் நாள்.

சாயங்காலம் ஏதோ அப்டேட் போட ஒரு நிமிஷம் அணைக்கலாம் என்று சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனார். அடுப்படியிலிருந்தும் மாடியிலிருந்தும் குரல்கள் ஒன்றாகப் பாய்ந்தன.

"அத்தான், நிறுத்திராதீய! என் ஜட்டி இன்னும் காயல!"

கையை இழுத்துக்கொண்டார். அது நின்றுவிடக் கூடாதே என்று இத்தனை நாள் கவலைப்பட்டது அவர் ஒருவர்தான். இப்போது ஆறு பேர்.