கிணற்றுக்குப் போன மலைமீன்

1934இல் பச்சைமலை ஓடையில் நான் இழந்த ரத்தம் ஒரு குடம் இருக்கும். முக்கால் குடம் அட்டை குடித்தது, மீதி கொசு. கல்லூரி விலங்கியல் துறையில் எனக்குத் தற்காலிக வேலை. ஓடைப் பாறையை வாயால் கவ்விக்கொண்டு வாழும் மீன் ஒன்றை உயிரோடு கொண்டுவந்தால் வேலை நிரந்தரம் என்றிருந்தார் பேராசிரியர்.

துறை உதவியாளர் குத்புதீன் மண்பானையோடு கரையில் நின்று கத்தினார்: "காலை நல்லா ஊனுங்க சார்! நாம மீனைப் புடிக்க வந்தா, மீன் உங்களைப் புடிச்சுடும்போல இருக்கு!"

மூன்றாம் நாள் ஒன்று அகப்பட்டது. திமிங்கிலம் என்று எழுதத்தான் ஆசை, சுண்டுவிரல் நீளம்.

அன்று இரவு ஸ்ரீரங்கத்தில் மாமனார் தேசிகாச்சாரியார் வீட்டுக்குத் திரும்பினேன். மீன் என்றால் அவர் வாசலிலேயே நிறுத்திவிடுவார். "மலைத் தீர்த்தம்" என்று அளந்துவிட்டு, பானையைக் கொல்லையில் வைத்துவிட்டுத் தூங்கினேன்.

காலையில் காவேரியில் குளித்துவிட்டு வந்தால் பானை கவிழ்ந்து கிடந்தது.

"தீர்த்தமா? கிணத்துல சேர்த்துட்டேன் மாப்பிள்ளை!" என்றார் மாமனார், பூரிப்போடு. "நாம மட்டும் புண்ணியம் பண்ணிண்டா போறுமா? தெருவே இங்கதானே மொண்டுக்கறது!"

உண்மையைச் சொன்னேன். அவர் அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

பத்து மணிக்குப் பேராசிரியர் காத்திருப்பார். வேட்டியை மடித்துக் கட்டி இறைத்தேன். ஆயிரம் வாளி. என் மனைவி வேதவதியின் கணக்கில் நாற்பது. ஒவ்வொரு வாளியையும் துணியில் வடிகட்டினேன். கூழாங்கல், தவளைக்குஞ்சு, யாரோ தொலைத்த தோடு. மீன் இல்லை.

"ஏன்னா, போறும். வாளியெல்லாம் பாசி. குடுங்கோ, தேய்ச்சு வெக்கறேன்" என்று உள்ளே கைவிட்டவள் அலறினாள்: "ஐயையோ, பாசி நகர்றது!"

எட்டிப் பார்த்தேன். வாளியின் உள்சுவரைக் கவ்விக்கொண்டு என் மீன்! எப்போது ஏறியதோ, நான் துணியையே பார்த்துக்கொண்டிருக்க, அது மேலும் கீழும் ஓசிச் சவாரி செய்துகொண்டிருந்திருக்கிறது.

மாமனார் கைகூப்பினார். "மத்ஸ்யமூர்த்தின்னா எழுந்தருளியிருக்கார்!"

"அவர் காலேஜுக்குப் போகணுமாம்ப்பா" என்றாள் வேதவதி.

"பேஷா எழுந்தருளட்டும். வெயில் படப்படாது!"

ஜட்கா வண்டி நிற்கும் இடம்வரை பானைக்குக் குடை பிடித்தார். மாப்பிள்ளை வெயிலில் வெந்தேன்.

கல்லூரியில் பேராசிரியர் பானை வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

"உயிரோட இருக்கே! திங்கட்கிழமை ஆர்டரை வாங்கிக்கோங்க."

நான் விட்ட பெருமூச்சில் அவர் மேஜைக் காகிதமெல்லாம் பறந்து ஜன்னலுக்கு வெளியே போயின. குத்புதீன்தான் பொறுக்கிக்கொண்டு வந்தார்.