ஒன்பது பூங்காவும் ஒரு ஹாரனும்

விடியற்காலையில் கும்பகோணத்தில் ஆளை ஏற்றினால், இருட்டுவதற்குள் ஒன்பது நவக்கிரகக் கோயில்களையும் காட்டி இறக்கிவிடுவார் சித்தீக். சனீஸ்வரனுக்கு முக்கால் மணி, சுக்கிரனுக்கு இருபது நிமிஷம். சனிப்பெயர்ச்சி என்றைக்கு என்பது குருக்களுக்கு முன்னால் அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையானால் ஏதாவதொரு கிரகத்தின் வாசலில் வேனை நிறுத்திவிட்டு ஜும்மாவுக்கு ஓடுவார். அவருடைய பலமெல்லாம் ஹாரனில்தான். அது ஒலித்தால், வண்டி போய்விடுமோ என்ற பயத்தில் எண்பது வயதுக்காரர்கூடச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்.

அந்த ஹாரனுக்கு மற்றவர்களைவிட அதிகமாக ஓடியவள் அவர் மனைவி நஃபீசா. குத்தாலத்தில் அம்மா வீட்டுக்குப் போய், அம்மா டீயை ஆற்றிக் கையில் கொடுக்கும்போதுதான் தெருவில் ஹாரன் கேட்கும். பாதி டீயை வைத்துவிட்டு ஓடிவருவாள். அம்மா மவுத்தாகி அடக்கமாகும்வரை இதுதான் வழக்கம்.

பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த மகள் ஹுமைரா, அம்மாவையும் அத்தாவையும் எங்காவது அனுப்பிவைக்க ஆசைப்பட்டாள். "நம்ம நாட்டுல எத்தனை தேசியப் பூங்கா இருக்கு! எதுக்குப் போறதுன்னு அம்மாதான் சொல்லணும். அத்தா வாயத் திறக்கக்கூடாது" என்றாள் போனில்.

சித்தீக் உடனே வாயைத் திறந்தார். "ஒன்பதுக்கும் போயிடலாம். ஒரு காட்டுக்கு அரை நாள் போதும். கோயில்னா உள்ள போயி கும்பிட்டு வரணும். காட்டுல வரிசைகூடக் கிடையாது." மறுநாளே குஜராத்திலிருந்து அசாம்வரை ஒன்பது பூங்காக்களைக் கோத்து ஒரு பாதை போட்டுவிட்டார்.

போனில் படங்களைப் பார்த்துப் பார்த்து நஃபீசா ஒவ்வொன்றாகக் கழித்தாள். காசிரங்காவில் காண்டாமிருகம் சேற்றில் நின்றது. "நம்ம கொல்லையில எருமை நிக்குதே, போதாதா?" சுந்தரவனம்? "அலையாத்திக் காடு முத்துப்பேட்டையிலயே இருக்கு." அமைதிப் பள்ளத்தாக்கில் மழை, கார்பெட்டில் ஆறு, கன்ஹாவில் புல். பூப்பள்ளத்தாக்கில் குளிர், ரன்தம்போரில் ஏரி.

"கிர்ல சிங்கம் இருக்கு நஃபீசா!"

"சாப்பிட்டுட்டு மரத்தடியில மல்லாந்து கெடக்குது. அத நான் வண்டி ஓடாத நாள்ல வீட்லயே பாக்குறேன்."

மிஞ்சியது ராஜஸ்தானில் இருக்கும் பாலைவனப் பூங்கா. படத்தில் மணலைத் தவிர ஒன்றுமில்லை. நஃபீசா அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

அவர்கள் வீடு திருப்பனந்தாள் பக்கம், தாழ்வான இடத்தில். ஐப்பசி, கார்த்திகை வந்தால் கொல்லைத் தண்ணீர் அடுப்படிவரை வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். வெளியூர்க்காரர்கள் வேனை நிறுத்தச் சொல்லி, இறங்கி, பச்சை வயலைப் போட்டோ எடுப்பார்கள். அதில் அவர்கள் எதைக் கண்டார்கள் என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பச்சையும் தண்ணீரும் கொசுவும் இல்லாத ஓர் இடத்தில், யாரும் கூப்பிடாமல், காய்ந்த தரையில் காலை நீட்டி ஒரு பொழுது உட்கார வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு காண்டாமிருகமும் வேண்டாம்.

"எட்டுக் கோயில விட்டுட்டு ஒண்ணே ஒண்ணுக்குப் போறவன் பரிகாரத்துக்குத்தான் போவான்" என்று முணுமுணுத்தார் சித்தீக்.

"பரிகாரம்னே வச்சுக்குங்க" என்றாள்.

தை மாதத்தில் ஜெய்சல்மேர் போய் இறங்கினார்கள். மறுநாள் மத்தியானம் பிளாஸ்கில் டீ நிரப்பிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள் நஃபீசா. துபாயில் இருந்தபோது கற்ற இந்தியில் ஜீப்காரரோடு சித்தீக்குக்கு உடனே ஒட்டிக்கொண்டது. இரண்டு பேருக்கும் ஒரே தொழில், ஒரே அவசரம்.

மணல் வந்தது. அலை அலையாக, ஒரு பொட்டுப் பச்சை இல்லாமல் கிடந்தது. "நிறுத்தச் சொல்லுங்க" என்றாள். ஜீப்காரர் ஏதோ சொல்லிச் சிரித்தார். "மணல் எங்கயும் ஓடிடாதாம். இதவிடப் பெரிய அதிசயம் ஒண்ணு இருக்காம்" என்றார் சித்தீக்.

ஜீப் பூங்காவை விட்டே வெளியேறி, வெகுதூரம் ஓடி நின்றது. எதிரே ஒரு வாய்க்கால். வாய்க்காலை ஒட்டிப் பச்சைப் பசேலென்று கோதுமை வயல். வரப்பில் கொக்கு. பம்புசெட் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. "எங்க அம்மா ஒரு குடம் தண்ணிக்கு அரை நாள் நடப்பாங்க. இப்பப் பாருங்க!" என்று ஜீப்காரர் சொன்னதைச் சித்தீக் தமிழில் சொன்னார். அந்த மனுஷனுக்குக் கண் கலங்கியிருந்தது. நஃபீசாவுக்கும் கலங்கியது, காரணம்தான் வேறு. இந்தக் கொக்கைப் பார்க்கவா இத்தனை தூரம்!

"நம்ம ஊரு மாதிரியே இருக்கு, பாத்தியா!" என்று பூரித்துப்போய் பம்புசெட்டோடு படம் எடுத்துக்கொண்டார் சித்தீக்.

திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மணல்மேடு மறுபடி வந்ததும், "நிறுத்துய்யா!" என்று தமிழிலேயே கத்தினாள். ஜீப்காரருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பிளாஸ்கோடு ஏறிப்போய், மேட்டின் உச்சியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். மணல் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. சித்தீக் மூச்சு வாங்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

கீழே ஹாரன் அடித்தது.

நஃபீசாவின் கால்கள் தாமாகவே எழுந்தன. ஒரு கை செருப்பைத் தேடியது.

"உக்காரு. அவன் போகமாட்டான்" என்றார் சித்தீக்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஹாரன் அடிக்கிறவன் எவனும் ஆள விட்டுட்டுப் போமாட்டான். சும்மா ஒரு மிரட்டல்தான். இத்தனை வருஷத்துல நான் யாரையாவது விட்டுட்டுப் போயிருக்கேனா?" தொழில் ரகசியம் சொன்ன பெருமையில் அவர் முகம் மலர்ந்திருந்தது.

நஃபீசா அவரையே பார்த்தாள். "குத்தாலத்துல அடிச்சதும் அப்படித்தானா?"

சித்தீக் மணலைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

கீழே மறுபடியும் ஹாரன், இந்தத் தடவை நீளமாக. அவள் உட்கார்ந்து, பிளாஸ்கைத் திறந்து மூடியில் டீயை ஊற்றி, ஆற்றி ஆற்றிக் குடித்தாள்.

"எனக்குக் கொஞ்சம்?" என்றார் மெதுவாக.

"எங்கம்மா வீட்டுல பாதி பாதியா வச்சுட்டு வந்தேனே, அதெல்லாம் அங்கதான் இருக்கும். போயிக் குடிங்க" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்ததையும் தன் மூடியிலேயே ஊற்றிக்கொண்டாள்.