பெயர்த் தகட்டின் பின்பக்கம்

முதல் மழையில் பெயர்ச்சீட்டுகளின் மை கரைந்ததும், நாற்றுக்காரியின் தக்காளிச் செடிகள் தாங்கள் யாரென்று மறந்துபோய்க் கத்திரிக்காய் காய்த்தன. கத்திரிச் செடிகளும் சும்மா இருக்கவில்லை. சில பாகற்காய்க்கும் சில சாமந்திக்கும் தாவின. வாங்கிப் போனவர்கள் தொட்டியும் கையுமாகத் திரும்பி வந்தார்கள். ரோஜா என்று வாங்கிய செடியில் முள்ளங்கி தொங்கினால் யாருக்குத்தான் கோபம் வராது.

வீட்டின் பின்னாலிருந்த அந்தத் தோட்டம் அவள் அண்ணன் பெயரில் இருந்தது. அண்ணி சொல்வதற்குத் தலையாட்டுவதைத் தவிர அண்ணனுக்கு வேறு வேலை இருந்ததாகத் தெரியவில்லை. சிமெண்ட் கிடங்குக்காரர் ஒருவர் இடத்தைக் கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்தார். மழைக்காலம் முடிவதற்குள் செடிகள் ஒழுங்குக்கு வராவிட்டால் அவருக்கே கொடுத்துவிடுவது என்று சாப்பாட்டு மேசையில் முடிவாயிற்று. நாற்றுக்காரிக்கு அந்தத் தோட்டத்தை விட்டால் போக்கிடம் இல்லை. அவள் கட்டிலே நாற்றுக் கொட்டகையில்தான் கிடந்தது.

"செடிக்கே தன் பேரு தெரியல. நீ எதுக்கு இதைக் கட்டிக்கிட்டு அழற?" என்றாள் அண்ணி.

"தெரியும் அண்ணி. மறந்துடுது, அவ்வளவுதான்."

அவள் ஐஸ் குச்சிகளில் எழுதிப் பார்த்தாள், ஊறி இற்றுப்போயின. பிளாஸ்டிக்கில் பெயிண்டால் எழுதினாள். வெயிலில் பொடிப்பொடியாக நொறுங்கியது. கடைசியில் தெருவில் கிடந்த குளிர்பான டின்களைப் பட்டைகளாகக் கத்தரித்து, மடித்த செய்தித்தாள்மேல் வைத்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்தி எழுதினாள். எழுத்து பள்ளமாகப் பதிந்தது. மையே இல்லாததால் மழைக்குக் கரைக்க ஒன்றும் அகப்படவில்லை. ஆணியால் துளையிட்டு, கம்பியில் கோத்துச் செடிக்குச் செடி தொங்கவிட்டாள். ஒரு வாரம் கொட்டித் தீர்த்தும் ஓர் எழுத்துகூட அசையவில்லை. தக்காளி தக்காளிக்கே திரும்பியது. கத்திரிக்கும் புத்தி வந்தது.

காற்றில் தகடுகள் திரும்பிக்கொள்ளும் என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை. டின்னில் அச்சடித்திருந்த பக்கத்தையும் செடிகள் கர்ம சிரத்தையாகப் படித்து வைத்தன. முதலில் மாட்டியது வெள்ளரி. கத்தி பட்டதும் 'ஸ்ஸ்' என்றது. உள்ளே ஜில்லென்று நுரை பொங்கியது. தகட்டைத் திருப்பினால், 'குளிர வைத்துப் பருகவும்.' நாற்றுக்காரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு உப்புத்தாளை எடுத்து அந்தப் பக்கத்தை ஒவ்வொன்றாகத் தேய்க்கத் தொடங்கினாள். பாதிகூட முடியவில்லை, அளவு நாடாவோடு கிடங்குக்காரர் வந்து நின்றார்.

வெயிலில் வந்த மனிதர் என்று அண்ணி கைக்கு எட்டிய வெள்ளரியைப் பறித்து, நறுக்கி நீட்டினாள். அவர் ஒரு துண்டு தின்றார். நீளமாக ஓர் ஏப்பம் விட்டார். தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"என்னம்மா இது?"

"வெள்ளரிதாங்க," என்றாள் நாற்றுக்காரி, உப்புத்தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி.

"இடத்தை அப்புறம் பாத்துக்கலாம். இந்தச் செடியில எனக்கு நாலு எடுத்து வை."

அண்ணியும் ஒரு துண்டை வாயில் போட்டாள். மூக்கில் ஏறிய காற்று இறங்கும்வரை யோசித்தாள். "இடமா? யாரு சார் விக்கிறதாச் சொன்னது?" என்றாள். அண்ணன் தலையாட்டினார்.

நாற்றுக்காரியின் கட்டில் இன்றும் கொட்டகையில்தான் கிடக்கிறது. தகடுகளில் பாதியைத் தேய்க்கிறாள், பாதியை அப்படியே விடுகிறாள். செடி வாங்கப் போனால் அண்ணிதான் வாசலில் உட்கார்ந்து, "சாதாவா, சோடாவா?" என்று கேட்பாள். மிளகாயை மட்டும் சாதாவாக வாங்குவது நல்லது.