ஆட்சேபனை இல்லாதவர்கள்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று என் தங்கை சொல்வாள். வந்துவிட்டுப் போகட்டும். கவுன்சில் அலுவலக மாடியில் நடந்த அந்தக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் பிறகு அது மூக்கில் இல்லை, உச்சந்தலையில் இருக்கிறது. இறங்கவும் காணோம்.

விஷயம் இதுதான். எங்கள் பகுதி நூலகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும். அதை மாலை நாலு மணிக்கே மூடப் போகிறோம், செலவைக் குறைக்கிறோம் என்று கிளம்பினார்கள். நாலு மணிக்கு மூடினால் அங்கே யார் போய்ப் படிப்பது? சுவரில் ஊரும் பல்லிதான் படிக்க வேண்டும்.

என் தங்கை ஒரு மருந்து கம்பெனியில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்குகிறவள். ஐந்து மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் நேரே நூலகத்துக்குப் போய்விடுவாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலைக்கான படிப்பு ஒன்று இருக்கிறது, அதற்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இந்த வருஷம் விட்டால் அவளுக்கு வயது தாண்டிவிடும். அதற்கான புத்தகங்கள் செங்கல் செங்கலாக இருக்கும், வீட்டுக்குத் தர மாட்டார்கள். தந்தாலும் எங்கள் வீட்டில் எங்கே வைத்துப் படிப்பது? முன்னறை என் தையல் கடை. ஓவர்லாக் மிஷின் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. பின்னறையில் என் வீட்டுக்காரர் இரவு டியூட்டிக்குக் கிளம்பும் வரை குறட்டை விடுவார். அது இன்னொரு மிஷின். "உனக்கும் நூல்தான் சோறு போடுது, எனக்கும் நூல்தான்க்கா போடப்போகுது" என்பாள் அவள். பெரிய ஜோக் அடித்துவிட்டதாக நினைப்பு.

கூட்டத்துக்கு எங்கள் தெருவே திரண்டு போனது. கீழ் வீட்டு எலக்ட்ரீஷியன் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகியபடி வந்தார். அவரை நாங்கள் 'ஷாக்' என்றுதான் கூப்பிடுவோம். தொட்டால் போதும், பொறி பறக்கும்.

கவுன்சில் தலைவருக்கு வெண்ணெய் தடவிய குரல். வந்தவர்களை வரவேற்றார், வளர்ச்சியைப் பற்றிப் பேசினார், மின்சாரக் கட்டணத்தைப் பற்றிப் பேசினார், வாசிப்பின் அருமையைப் பற்றி உருகி உருகிப் பேசினார். கருத்துக் கேட்புக் கூட்டம் என்றால் அவர் கருத்தை நாம் கேட்பது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கடைசியில் போனால் போகிறது என்று மைக்கை எங்கள் பக்கம் நீட்டினார்கள்.

என் தங்கை எழுந்தாள். வீட்டில் என்னிடம் வாய் கிழியப் பேசுகிறவள், அங்கே மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"நாலு மணிக்கு மூடிட்டா, வேலைக்குப் போறவங்க எப்ப சார் வந்து படிக்கிறது? அஞ்சு மணிக்கு மேல அங்க உக்கார இடமே இருக்காது. ஒரு தடவை வந்து பாருங்க."

"ரொம்ப நல்ல கேள்வி" என்றார் தலைவர். "குறிச்சுக்கங்க."

பக்கத்தில் இருந்த செயலாளர் தலையை ஆட்டினார். அவர் பேனாவின் மூடியைக் கூடக் கழற்றவில்லை. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், என் கண்ணால் பார்த்தேன்.

"இப்ப கை தூக்கச் சொல்லி முடிவு எடுத்துடலாம்" என்றார் தலைவர். ஒரு தாளை எடுத்தார். "மேற்படி நேர மாற்றத்துக்கு ஆட்சேபனை..."

அங்கே நிறுத்தினார். தண்ணீர் டம்ளரை எடுத்தார்.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே வேலை வெட்டியை விட்டுவிட்டு வந்திருந்தோம்! எல்லாக் கைகளும் மேலே போயின. ஷாக் இரண்டு கையையும் தூக்கினார். என் தங்கை உட்கார்ந்து தூக்கினால் தெரியாது என்று எழுந்து நின்று தூக்கினாள். தலைவர் நிதானமாகத் தண்ணீர் குடித்தார், வாயைத் துடைத்தார், டம்ளரை வைத்தார். பிறகு, "...இல்லாதவர்கள் கை உயர்த்தவும்" என்று ஒரே மூச்சில் முழுங்கினார். கேமரா பளிச்சென்று மின்னியது.

"மிக்க நன்றி. மக்கள் ஆதரவு அமோகம்."

நம் மொழியில் 'இல்லை' என்பது வாலில்தான் வரும். தலையைக் கேட்டுவிட்டு ஆடினால் இப்படித்தான். ஆனால் வால் வரும்வரை காத்திருக்கிற நிலையிலா இருந்தோம்? எங்கள் அவசரம் அந்த மனுஷனுக்குத் தெரியும். தெரிந்துதான் தாகம் எடுத்தது அவருக்கு.

நான் மேடைக்கே ஏறிவிட்டேன். "ஐயா, நாங்க வேண்டாம்னுதான் கை தூக்கினோம்!"

"கேள்வியை முழுசாக் கேட்டுட்டுத் தூக்கியிருக்கணும்மா. நீங்க அவசரப்பட்டா நான் என்ன பண்றது?"

"பாதியில தண்ணி குடிச்சது யாரு? திரும்பக் கேளுங்க, இப்பவே கேளுங்க!"

"பதிவாயிடுச்சும்மா" என்றார். திருடன் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வது போலத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"கத்திரிக்கோல் கொண்டு வராமப் போயிட்டேன்" என்றேன். ஷாக் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். ஷாக்கே ஒருவரைச் சமாதானப்படுத்துகிறார் என்றால் நான் எப்படி நின்றிருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அறையில் ஒரே ஒருவர்தான் கை தூக்கவில்லை. நூலகர் அம்மா. ஊழியர்கள் கருத்துச் சொல்லக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. அதனால் சுவரோரமாகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். செயலாளர் இதற்கு மட்டும் பேனா மூடியைக் கழற்றினார். மறு வாரமே அந்த அம்மாவுக்கு மெமோ வந்தது. கவுன்சில் முடிவுக்குப் பகிரங்கமாக எதிர்ப்புக் காட்டினாராம். இதைக் கேட்டு நான் சிரித்தேன். சிரித்து முடித்ததும் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையின் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன்.

நானும் ஷாக்கும் கவுன்சில் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தோம். அங்கிருந்த எழுத்தர் ஒரு செய்தி மடலை எடுத்து எங்கள் முன்னால் போட்டார். 'நேர மாற்றத்தை வரவேற்ற பொதுமக்கள்' என்று போட்டிருந்தது. படத்தில் எல்லாக் கைகளுக்கும் மேலே ஒரு கை. நான் தைத்துக் கொடுத்த நீலச் சட்டை.

"இது உங்க தங்கச்சிதானே? முதல் ஆளா எழுந்து நின்னு ஆதரிச்சிருக்காங்களே."

"வாய் அழுகிப் போகும்" என்றேன். அவர் தலைவர் இல்லை, பாவம், சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் சொன்னேன். சொன்னதற்கு இன்றுவரை வருத்தமில்லை.

நூலகம் நாலு மணிக்கு மூட ஆரம்பித்தது. தங்கை முதல் சில நாள் ஐந்தரைக்கு அங்கே போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு நேரே வீட்டுக்கு வந்து, பட்டன் தைக்க உதவினாள். படிப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் மிஷினை நிறுத்தினேன்.

"இனிமே சாயந்திரம் நான் மிஷினைத் தொட மாட்டேன். உங்க மாமாவை எதிர் வீட்டுக்காரர்கிட்ட அனுப்பிடறேன், ரெண்டு பேரும் சீட்டாடட்டும். நீ நூலகத்துல பார்த்து நோட்டுல எழுதி வெச்சிருக்கறதையாவது உக்காந்து படி. தேர்வு எழுதியே ஆகணும்."

"மிஷினை நிறுத்திட்டா வாடகை?"

"அது என் பாடு."

அவள் ஊசியில் இருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ரெண்டாவது ஷிப்டுக்கும் பேர் குடுத்துட்டேன்க்கா. சாயந்திரம் சும்மாத்தானே இருக்கேன். திங்கள்கிழமையிலேருந்து போகணும்."

நான் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "யாரைக் கேட்டுடி குடுத்த? உன் படிப்பு என்ன ஆகறது? கூடப்பொறந்தவ ஒருத்தி இருக்கேனே, என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அடுத்த பட்டனை எடுத்துத் துணியில் வைத்துச் சரி பார்த்தாள்.

"கேட்டாங்களேக்கா, அன்னிக்கு நம்ம எல்லாரையும்தான் கூப்பிட்டு வெச்சுக் கேட்டாங்க" என்றாள். "கேட்டு என்ன ஆச்சு?"