தானாகச் சுற்றிய சக்கரம்

கார் இன்சூரன்ஸ் கம்பெனியில் அவள் கணவருக்கு இருந்த வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், யாரையும் நம்பாமல் இருப்பது. வண்டி இடித்துவிட்டது என்று யார் வந்து நின்றாலும், ஒரே கேள்வியை மூன்று விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்பார். மூன்றாவது முறை ஆள் தடுமாறுவான். "சும்மா நிறுத்தி வெச்சிருந்தேன் சார், தானா உருண்டு போய் மரத்துல மோதிடுச்சு" என்று ஒருவர் கண்கலங்கியபோது, "தானா எதுவும் உருளாதுங்க. யாரோ ஏதோ பண்ணியிருக்கணும்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு வந்தவர். அலுவலகத்தில் அவருக்கு 'எக்ஸ்ரே' என்று பட்டப்பெயர்.

அந்த எக்ஸ்ரே ஒரு நாள் கைபேசியில் ஒரு வீடியோ பார்த்தார். தொப்பி போட்ட யாரோ ஒருவர், காந்தங்கள் ஒட்டிய சக்கரத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். சக்கரம் சுற்றியது, நிற்கவே இல்லை, பக்கத்தில் ஒரு பல்பு எரிந்தது. வயர் கிடையாது, பெட்ரோல் கிடையாது. எக்ஸ்ரே அந்த ஆளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அப்படியே நம்பிவிட்டார்.

ஆனால் எடுத்த எடுப்பில் காந்தத்துக்குப் போகவில்லை. முதலில் பேட்டரி. ஜாம் பாட்டில்களில் உப்புத் தண்ணீரும் வினிகரும் ஊற்றி, செப்புக் கம்பியும் துத்தநாகத் தகடும் தொங்கவிட்டு, பால்கனி முழுக்க வரிசை கட்டி வைத்தார். வீடு ஊறுகாய்ப் பானைக்குள் இருப்பதுபோல் நாறியது. அத்தனை பாட்டிலும் சேர்ந்து மிளகளவு பல்பு ஒன்றை ஒரு மாலை நேரம் எரித்தன. அதற்குள் தகடெல்லாம் அரித்துப்போய்விட்டது. அவர் மனம் தளரவில்லை.

"பேட்டரின்னா தீர்ந்து போகும்மா. தீர்ந்து போறது எல்லாம் அடிமைத்தனம். காந்தம் தீராது" என்றார்.

"வினிகர் தீர்ந்துபோச்சு. வாங்கிட்டு வாங்க" என்றாள் அவள்.

அவள் காது மிஷின் கடையில் வேலை செய்கிறவள். காது மந்தமானவர்களோடு நாளெல்லாம் பேசிப் பேசி, எதையும் இரண்டாம் முறை சொல்லப் பொறுமை பழகியிருந்தது. வீட்டில் அந்தப் பொறுமை கூடுதலாகவே செலவானது. பழைய ஸ்பீக்கர்களைப் பிரித்துக் காந்தம் எடுத்தார். அலமாரிக் கதவுகளில் இருந்த காந்தங்களையும் பிடுங்கினார். கதவுகள் வாயைப் பிளந்துகொண்டு தொங்கின. சாப்பாட்டுத் தட்டளவு பிளைவுட் வட்டம் ஒன்றை அறுத்து, ஓரத்தில் சுற்றிலும் காந்தம் ஒட்டி, கூடத்து மூலையில் இருந்த பழைய மேஜையில் ஓட்டை போட்டு அச்சை இறக்கி, பேரிங் வைத்துப் பொருத்தினார். சுற்றிலும் வேறு காந்தங்களை நிறுத்தினார். விரலால் தட்டினார். சக்கரம் ஆர்வமாகக் கிளம்பி, இரண்டு சுற்றுச் சுற்றி, மூன்றாவதில் ஏதோ ஞாபகம் வந்ததுபோல் நின்று, கொஞ்சம் பின்னால் வந்து, அப்படியே ஒட்டிக்கொண்டது.

மாதக்கணக்கில் அது அப்படித்தான் நின்றது. கோணத்தை மாற்றினார், நின்றது. துருவத்தைத் திருப்பினார், இன்னும் சீக்கிரம் நின்றது. எலக்ட்ரீஷியனான அவள் தம்பி வந்து பார்த்துவிட்டு, "மாமா, கரண்ட் பில்லுலேருந்து தப்பிக்க இதைவிட லேசான வழி ஒண்ணு இருக்கு. பில்லைக் கட்டிடுங்க" என்றான். அன்றிலிருந்து தம்பியோடு பேச்சில்லை.

அவள் கவலை சக்கரத்தைப் பற்றியது அல்ல. மனிதர் சாப்பிட உட்கார்ந்தால் தட்டைச் சுழற்றிப் பார்க்கிறார். எதைச் சொன்னாலும் காதில் ஏறுவதில்லை. முகம் வாடிப்போய், தாடி வளர்ந்து, காதல் தோல்வி அடைந்தவர் மாதிரி மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஒரே ஒரு தரம் அது சுற்றிவிட்டால் போதும், மனம் ஆறிப்போய் விட்டுவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியது. வாழ்க்கையில் அவள் போட்ட கணக்குகளில் இதைவிடத் தப்பான கணக்கு வேறில்லை.

கடைக்கு விடுமுறையான ஒரு நாள், பஸ்ஸில் போகும்போது முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்ளும் சின்ன பேட்டரி விசிறியை எடுத்தாள். இறக்கையைக் கழற்றினாள். மோட்டாரின் முனையில் பென்சில் ரப்பரைத் துண்டாக்கிச் செருகினாள். மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்து, அச்சின் அடிமுனையில் ரப்பர் உரசும்படி மோட்டாரை டேப் போட்டு ஒட்டினாள். இரண்டு தடித்த டார்ச் செல்லையும் பக்கத்திலேயே ஒட்டினாள். காந்தம் பிடித்து நிற்கும் சக்கரத்தைத் தானே கிளப்ப அந்த மோட்டாருக்கு வலு போதவில்லை; யாராவது ஒரு தட்டுத் தட்டினால் மட்டும் விடாமல் சுற்றியது. மேஜையின் விளிம்புச் சட்டம் அகலமானது. குனிந்தாலும் தெரியாது, படுத்தால்தான் தெரியும். காது மிஷினுக்குள் பொட்டளவு செல் மாற்றிப் பழகிய விரல்கள் என்பதால் வேலை சுத்தமாக வந்தது.

சாயங்காலம் எக்ஸ்ரே வந்தார். சட்டையைக்கூட மாற்றாமல், வழக்கம்போல் நம்பிக்கையில்லாமல் சக்கரத்தைத் தட்டினார்.

அது நிற்கவில்லை.

அவர் கத்தவில்லை. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "இங்க வாயேன்" என்று அவளைக் கூப்பிட்ட குரல் உடைந்திருந்தது. கண்ணில் நீர். "ஏதோ ஒரு மாதிரி முனகுது, கேட்குதா? காந்தப்புலம் பேசுது" என்றார். அது விசிறி மோட்டாரின் முனகல். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள்.

மறுநாளோ அவர் சவரம் செய்துகொண்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு, தானியங்கிச் சக்கர ஆர்வலர் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்துவிட்டு வந்தார்.

லாண்ட்ரிக் கடை மாடியில் ஓர் அறையில் கூடும் சங்கம் அது. பத்துப் பன்னிரண்டு ஆண்கள். எல்லோரிடமும் சக்கரம் உண்டு. ஆனால் சுற்றும் சக்கரம் இரண்டே பேரிடம்: ஒருவர் தலைவர், ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி. இன்னொருவர் ஒரு பல் டாக்டர். இப்போது எக்ஸ்ரேயோடு மூன்று. சங்கத்தின் முதல் விதி, எந்த உறுப்பினரும் இன்னொருவரின் சக்கரத்துக்கு அடியில் எட்டிப் பார்க்கக் கூடாது. சந்தேகம் என்பது எதிர்ப்புலம், அது சக்கரத்தை நிறுத்திவிடும் என்பது தலைவரின் கண்டுபிடிப்பு. உலகத்தில் யாரையும் நம்பாத எக்ஸ்ரே இந்த விதியை மட்டும் நெகிழ்ந்துபோய் ஏற்றுக்கொண்டார்.

அதன்பின் அவள் பாடு திண்டாட்டம். சில நாளுக்கொரு தரம் சக்கரம் சோர்ந்தது. அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து அடியில் படுத்துச் செல் மாற்றினாள். அம்மா வீட்டுக்குப் போய் நாலு நாள் தங்க முடியவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது. எரிபொருளே தேவைப்படாத மோட்டாரைப் பற்றி அவர் தொலைபேசியில் யாருக்கோ விளக்கிக்கொண்டிருக்க, அவள் காய்ந்த டார்ச் செல்களைக் குப்பையில் காய்கறித் தோலுக்கு அடியில் புதைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கம் முழுக்க வீட்டுக்கு வந்தது, சக்கரத்தை அங்கீகரிக்க. தலைவரோடு அவர் மனைவியும் வந்திருந்தார். பெரிய கைப்பையோடு, அதிகம் பேசாத பெண்மணி. டீ கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அவள் காதில் விழுந்தது, முனகல் இறங்குகிறது. செல் தீரப்போகிறது. பழைய பால் டப்பாவில் ஒளித்து வைத்திருந்த செல்லெல்லாம் முந்தின வாரமே தீர்ந்திருந்தது. 

"கொஞ்சம் தளருற மாதிரி இருக்கே" என்றார் பல் டாக்டர்.

"இங்க யாரோ சந்தேகப்படறாங்க" என்று தலைவர் அறையைச் சுற்றிலும் முறைத்தார். "எல்லாரும் கண்ணை மூடுங்க. கையை நீட்டி, புலத்தை உள்ளங்கையில உணருங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் திறக்கக் கூடாது."

படித்த ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், அடுப்பில் குளிர் காய்வதுபோல் கையை நீட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி நின்றார்கள். என்ன செய்வதென்று தெரியாமலேயே அவள் மேஜைக்கு அடியில் நுழைந்தாள். திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் தலைவரின் மனைவி முட்டி போட்டுத் தவழ்ந்து வந்துகொண்டிருந்தார்.

அவளுக்கு உயிரே போய்விட்டது. அந்த அம்மாள் மேலே பார்த்தார். டேப்பை, மோட்டாரை, செல்லைப் பார்த்தார். வியாபாரி சரக்கைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "தடி செல்லா? நல்லது. நாங்களும் அதான்" என்று கிசுகிசுத்தபடி கைப்பையைத் திறந்து, புத்தம்புதிய இரண்டு டார்ச் செல்களை எடுத்து நீட்டினார்.

"அக்கா... உங்க வீட்டுலயுமா?"

"மூணு வருஷம் ஆகப் போகுது. பல் டாக்டர் வீட்டுலயும் அதே கதைதான், அவர் பொண்டாட்டி குழந்தையோட பொம்மைக் கார் மோட்டாரைப் போட்டிருக்கா. மத்தவங்களுக்குச் சக்கரம் சுத்தாததுக்குக் காரணம், பாவம், ஒருத்தனுக்குக் கல்யாணம் ஆகல, ஒருத்தன் பொண்டாட்டிக்கு டார்ச் செல் எப்படிப் போடறதுன்னு தெரியாது, இன்னொருத்தி விவரமானவ, மாட்டவே மாட்டேன்னுட்டா." செல்லை மாட்டிக்கொண்டிருந்த அவள் கையை அந்த அம்மாள் தொட்டார். "உனக்கு இப்பத்தான் ஆரம்பம். விட்டுடும்மா. நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயே மூணு வருஷமாச்சு."

மேலே முனகல் ஏறியது. "உணர்றேன்! உணர்றேன்!" என்று யாரோ கத்தினார். தலைவர் உத்தரவு கொடுத்து எல்லோரும் கண் திறந்தபோது, இரண்டு பெண்களும் சமையலறை வாசலில் டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரும் போனபின் அவள் சொல்லிவிட்டாள். சுற்றி வளைக்காமல், முதலிலிருந்து கடைசிவரை. விசிறி, ரப்பர், செல், எல்லாம்.

 எக்ஸ்ரே குனிந்து, தரையில் கன்னம் படச் சாய்ந்து, மேஜைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். எழுந்தபோது அவர் முகத்தில் அவள் எதிர்பார்த்த கோபம் இல்லை, அவமானம் இல்லை. பேரானந்தம் இருந்தது.

"அடிப்பாவி, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? என் சக்கரம் உன் மோட்டாரையும் சேர்த்து இழுத்துக்கிட்டுச் சுத்தியிருக்கு! மோட்டாரைச் சுத்தினா அது ஜெனரேட்டர். இத்தனை நாளா அது உன் செல்லுக்கு சார்ஜ் ஏத்திக்கிட்டு இருந்திருக்கு!"

"சார்ஜ் ஏறினா நான் ஏங்க அடிக்கடி புதுச் செல் மாத்தணும்?"

"அது செல்லோட தரம்."

"செல்லைக் கழட்டினா சக்கரம் நின்னுடுது."

"நிக்காம? சுமை தொங்குதில்ல? தடங்கல் நீ வெச்சது, பழி என் சக்கரத்து மேலயா?" என்றார். வாழ்நாளில் முதல்முறையாக அவரிடம் ஒருவர் உண்மையை முழுசாகச் சொல்லியிருந்தார். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டிருந்தால்கூட அவள் தடுமாறியிருக்க மாட்டாள். அவர் கேட்கவில்லை.

அவள் அதற்குமேல் மல்லுக்கட்டவில்லை. தலைவரின் மனைவிக்குப் போன் போட்டாள். அடுத்த வாரமே தலைவரின் மனைவி, பல் டாக்டரின் மனைவி, அவள் என மூன்று பேரும் கடலோர ஊரில் இருந்த அந்த அம்மாளின் அக்கா வீட்டுக்கு ரயில் ஏறினார்கள். மணலில் செருப்பில்லாமல் நடந்தார்கள். மல்லாந்து படுத்தார்கள், மேலே வெறும் வானம்தான் இருந்தது. பல் டாக்டரின் மனைவி, கணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு புலத்தை உணர்வதை நடித்துக் காட்டினாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஊரில் மூன்று சக்கரங்களும் அடுத்தடுத்து நின்றன. சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. பூமியின் காந்தப்புலமே பலவீனமாகிவிட்டது என்றும், இது உலகுக்கே ஆபத்து என்றும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். மூன்று வீடுகளிலும் ஒரே வாரத்தில் நின்றிருக்கிறதே, வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்று கேட்ட தலைவருக்குப் பலத்த கைதட்டல். இதை எக்ஸ்ரேதான் போனில் சொன்னார். 

"சரி, நீ எப்ப வர்ற?" என்றார்.

"இன்னும் கொஞ்ச நாள் ஆகும். எதுக்கு?"

"ஒண்ணுமில்ல. வீடு ஒரு மாதிரி சத்தமே இல்லாம இருக்கு."

அவளுக்கு மனம் இளகியது.  அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அந்தச் செல்லு... கீழ படுத்துத்தான் மாட்டணுமா? உட்கார்ந்துகிட்டு மாட்ட முடியாதா? எனக்கு முதுகு பிடிச்சுக்குமேம்மா."

"எனக்கும்தான் பிடிச்சுக்கிச்சு" என்றாள் அவள்.

"அப்படியா?" என்றார். பிறகு, ரொம்பச் சின்னக் குரலில், "நீ சொல்லவே இல்லையே" என்றார்.

அவள் ஊர் திரும்பியபோது சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மேஜைக்கு அடியில் ஒரு பழைய தலையணை மட்டும் புதிதாக முளைத்திருந்தது. மறுநாள் தெருமுனை எலக்ட்ரிக் கடைக்குப் பல்பு வாங்கப் போனாள். கடைக்காரர் அவளைக் கண்டதும் சிரித்தார்.

"என்னம்மா, போன வாரம் உங்க வீட்டுக்காரர், அந்தக் கப்பல்காரர், பல் டாக்டர் மூணு பேரும் ஒரே நேரத்துல வந்து நின்னாங்க. மூணு பேருக்கும் வேண்டியது தடி டார்ச் செல்லு. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்கவே இல்ல. கேட்டா, மூணு பேரும் ஒரே பதில்: வீட்டுல டார்ச் எரியலையாம்."

"அப்படியா? அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஒருத்தரை ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டுக்கல. பெரிய மனுஷங்க இல்லையா" என்றார் கடைக்காரர், பல்பைச் சோதிக்க ஸ்விட்சைப் போட்டபடி.